வேலூரிலிருந்து ஆரணிக்கு, படுத்தபடி

புதன்கிழமை காலை எட்டு பத்துக்கு ஆரணியில் நம் வீட்டு வாசலிலிருந்து வண்டி கிளம்பியது. மீட்டரில் 1,12,406 கிலோமீட்டர். ஓட்டியவர் நயினார் மாமா. நான் பின்னால் மல்லாந்து படுத்திருந்தேன்.

எஸ்தர், டேனி, அப்பாவுக்கு என்ன ஆச்சோ என்று பயப்பட வேண்டாம். எனக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் காலாண்டு லீவில் செய்யாறு அத்தை வீட்டில் இருந்தபோது இங்கே நடந்ததைப் போனில் பாதிதான் சொன்னேன். மீதியையும் சேர்த்து, போன வழி, வந்த வழி எல்லாம் முறையாக எழுதுகிறேன்.

உங்கள் அம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி ஆறு நாள் ஆகியிருந்தது. வியாழக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது இதுதான்: "படுக்க வெச்சே கூட்டிட்டுப் போங்க. பள்ளம் மேடு வந்தா மெதுவா போனா போதும். ஆனா ஒரு மணி நேரம் உடம்பு விடாம அதிர்ந்துகிட்டே இருக்கக் கூடாது. வலி திரும்பப் புடிச்சிக்கும்." பஸ் வேண்டாம், ஆட்டோ வேண்டவே வேண்டாம். ஆம்புலன்ஸ் விசாரித்தேன், 3,500 ரூபாய். அம்மா ஒரே பேச்சில் வேண்டாம் என்றாள். "அந்த சத்தத்தோட என்னைக் கொண்டாந்து எறக்கினா, நான் போய்ச் சேர்ந்துட்டேன்னு தெருவே அழ ஆரம்பிச்சுடும். நம்ம வண்டியில வர்றேன்."

நம்ம வண்டி என்றால் இரண்டு மாதத்துக்கு முன் நயினார் மாமாவிடம் வாங்கிய பழைய பெட்ரோல் கார். மாமாவை உங்களுக்குத் தெரியும். பேர் தரணேந்திரன். தேவிகாபுரம் பக்கம் நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர், ஜைனர், அதனால் ஊரில் நயினார் என்றே கூப்பிடுவார்கள். வண்டியில் இடது முன் சீட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, பின் சீட்டிலிருந்து முன்னால் வரை ஐந்தரை அடிப் பலகை போட்டு, அதன் மேல் மெத்தை விரித்திருந்தேன். அம்மா குள்ளம், நீட்டிப் படுக்கலாம். எனக்கு முழங்கால் மடங்கித்தான் இருந்தது.

எல்லாம் சரி, ஆனால் வண்டி அதிர்ந்தது. பத்து நாளாகவே அதிர்ந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங் பிடித்து ஓட்டுகிறவனுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. படுத்து வருகிறவளுக்கு எப்படி இருக்கும்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் மாமாவை ஓட்டச் சொல்லி அம்மாவின் இடத்தில் நான் படுத்தேன்.

காலை 8.25. பஸ் ஸ்டாண்டு அருகே நெரிசல். முன்னால் ஒரு பஸ் நின்று ஆள் ஏற்றியது, நாங்களும் நின்றோம். வண்டி நின்றதும் அதிர்வு ஆரம்பித்தது. பலகை வழியாகக் குதிகாலில் ஏறி, இடுப்பில் வந்து, பின்மண்டையில் முடிந்தது. மாமா ஏசி போட்டதும் இன்னும் அதிகமானது. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தாமாக உரசின. பஸ் நகர்ந்து நாங்களும் நகர்ந்தபின் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை.

"எப்டி இருக்குதுங்க சாமுவேலு?" என்று மாமா முன்னாலிருந்து கேட்டார்.

"மாவு மெஷின் மேல படுத்துகினு போற மாதிரி இருக்குதுங்க."

"நான் வெச்சிகினு இருந்தப்ப இப்டி இல்லீங்களே."

நான் அப்போது சொன்னதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. கூரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டே, "தெரிஞ்சேதான் என் தலையில கட்டிட்டீங்களோ நயினாரே" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். பாதிதான் சிரிப்பு.

ஊர் முடிந்து அரிசி மில்கள் வந்தன. நெல் அவிக்கும் வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. அப்புறம் மாமா சொன்னார்: "கண்ணமங்கலத்துல எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக்கு ஒருத்தர் இருக்காரு. அவர் கிட்ட காட்டலாம். என் தப்புன்னு அவர் சொன்னாருன்னா வண்டிய நானே திரும்ப எடுத்துக்கறேன். நாளைக்கு உங்க வீட்டம்மாவ எப்டியாவது நல்லபடியா கொண்டாந்து சேக்கணும், அது முக்கியம்."

காலை 9.05, கண்ணமங்கலம். நம் மீட்டரில் ஆரணியிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர். வேலூருக்கு இன்னும் இருபத்திரண்டு. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, தகரக் கூரை போட்ட ஷெட். அமீர் பாய் ஒருவர்தான், உதவிக்கு ஆள் கிடையாது. ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துவிட்டு அதையே தேடுகிறவர்.

"இன்னா நயினாரே, வண்டிய வித்துட்டேன்னு சொன்னீங்க, நீங்களே ஓட்டிகினு வர்றீங்க? உள்ள ஒருத்தரைப் படுக்க வேற வெச்சிகினு வந்துகீறீங்க. ஆஸ்பத்திரி வேலூர்ல இல்ல கீது?"

விஷயத்தைச் சொன்னோம். பாய் பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "வாங்கினதுக்கு அப்புறம் யாரான கை வெச்சாங்களா அண்ணே?" என்றார்.

"இல்லீங்க பாய்" என்றேன்.

அது பொய். கை வைத்தது நான்தான்.

வண்டி வாங்கியதிலிருந்து ஸ்டார்ட் செய்யும்போதும் கியர் போடும்போதும் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் வரும். விற்கும்போதே நயினார் மாமா சொன்னார்: "இன்ஜின தாங்கற ரப்பர் மவுன்ட்டு பழசாயிடுச்சி, நல்ல மெக்கானிக்கா பாத்து மாத்திடுங்க." நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. இருபத்திரண்டு வருஷம் தறியில் உட்கார்ந்தவன் நான். தறிக்கு மேல், புடவையில் பூ எடுக்கும் ஜக்கார்டு பெட்டி ஏறியபின் கால்கள் ஆட ஆரம்பித்தால் என்ன செய்வோம்? காலுக்கும் சுவருக்கும் நடுவே கட்டை அடித்து முட்டுக் கொடுப்போம். ஆட்டம் நின்றால்தான் பூ சரியாக விழும். ஆட்டத்தை நிறுத்துவது என் தொழில், இதற்குப் போய் ஒரு மெக்கானிக்கா என்று நினைத்தேன். புளியங்கட்டை இரண்டைச் சீவி, பழைய சைக்கிள் டயரை மேலே சுற்றி, இன்ஜினுக்கும் வண்டியின் இரும்புக்கும் நடுவே இருந்த இடுக்கில் அடித்துச் சொருகினேன். அன்றைக்கே டக் சத்தம் போய்விட்டது. உங்கள் அம்மாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் செய்தேன்.

பத்து நாளாக இருந்த அதிர்வுக்கும் இந்தக் கட்டைக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் ஒரு வியாதியைக் குணப்படுத்திவிட்டேன், இது வேறு வியாதி என்று நினைத்தேன். பாய் கேட்டபோது கட்டை ஞாபகம் வந்தது. மெக்கானிக் முன்னால் புளியங்கட்டையைச் சொல்ல வெட்கம். அதுவும் மாமா பக்கத்திலேயே நிற்கிறார்.

காலை 9.30 முதல் 12.45 வரை. பாய் ஒரு பக்கமிருந்து ஆரம்பித்தார். அவர் செய்த முறையை எழுதுகிறேன், டேனிக்குப் பிடிக்கும்.

முதலில் வண்டியை நிற்க வைத்தே பார்த்தார். "ஓடும்போது மட்டும் அதிர்ந்தா சக்கரத்தப் பாக்கணும். இது நின்னுகினே அதிருது. அதனால சக்கரத்த வுட்டுடலாம், இன்ஜின் பக்கம்தான் தேடணும்" என்றார். அப்புறம் நான்கு பிளக்கையும் கழற்றினார். பிளக் என்பது பெட்ரோலைப் பற்ற வைக்கும் சின்னப் பொருள், சிலிண்டருக்கு ஒன்று. ஒன்று மட்டும் கருத்திருந்தது. நான்கையும் புதிதாகப் போட்டார். அதிர்வு அப்படியே இருந்தது. அடுத்து, இன்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு சிலிண்டரின் கனெக்‌ஷனையும் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினார். ஒவ்வொன்றைப் பிடுங்கும்போதும் இன்ஜின் இருமியது. "நாலும் வேலை செய்யுது. ஒண்ணு செத்துப் போயிருந்தா, அதப் புடுங்கினாலும் இன்ஜினுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். டேனி, இதை ஞாபகம் வைத்துக்கொள். எடுத்துவிட்டுப் பார்த்தால்தான் எது வேலை செய்கிறது என்று தெரிகிறது.

பிறகு இன்ஜினுக்குக் காற்று போகும் வாயைக் கழற்றி, மருந்தடித்துக் கழுவினார். உள்ளே மை போல அழுக்கு. அதற்கே ஒரு மணி நேரம் போனது. ஒவ்வொரு வேலை முடிந்ததும் என்னைப் படுக்கச் சொன்னார். நான் படுப்பேன், அவர் ஸ்டார்ட் பண்ணுவார். "எப்டி கீது?" என்பார். "அப்டியேதான்" என்பேன். நான்காவது தடவை அவர் கேட்கவே இல்லை, என் முகத்தைப் பார்த்து ஆஃப் பண்ணிவிட்டார்.

மதியம் 1.00. பாய் தொழுகைக்குப் போனார். மாமா பையிலிருந்து டப்பாவை எடுத்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சை சாதம். அவர் வெளியில் சாப்பிட மாட்டார். வெங்காயம், உருளைக்கிழங்கு என்று மண்ணுக்கடியில் விளைவது எதுவும் ஆகாது. மூடியில் பாதியைப் போட்டு என் பக்கம் தள்ளினார்.

"நீங்க சாப்புடுங்க நயினாரே, நான் ஓட்டல்ல பாத்துக்கறேன்."

"எடுங்க. பொழுது சாயறதுக்குள்ள வூட்டுக்குப் போயிடுவோம், அங்க நல்லா சாப்ட்டுக்கறேன்."

அவர்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் யாரும் சாப்பிடுவதில்லை. விளக்கு வைத்தபின் அடுப்பங்கரையை மூடிவிடுவார்கள். மாமா பிறந்ததிலிருந்து அப்படித்தான். நான் அந்தப் பாதிச் சாதத்தைச் சாப்பிட்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். 'இன்னும் ஒரு மணி நேரத்தில் பாய் கண்டுபிடித்துவிடுவார், கட்டையைப் பற்றிப் பேச்சே வராமல் போய்விடும்' என்று எண்ணிக்கொண்டேன்.

மதியம் 3.15. பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, "அண்ணே, நீங்க டிரைவர் சீட்டுல குந்துங்க" என்றார். "பிரேக்க நல்லா அமுக்கிப் புடிங்க. ஃபர்ஸ்ட்டு கியர் போட்டு கிளட்ச்ச லேசா வுடுங்க. வண்டி நகரக் கூடாது, திமிறணும்."

அப்படியே செய்தேன். பானெட் திறந்திருந்ததால் எனக்கு அவர் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"இன்னாங்க இது, பேஜாரா கீது. இன்ஜின் ஆடவே மாட்டேங்குது."

"ஆடாம இருந்தா நல்லதுதானே பாய்?" என்றேன் உள்ளேயிருந்து.

"யாரு சொன்னது? இன்ஜின் ஆடணும் அண்ணே! அது ஆடறத ரப்பர் வாங்கிக்கும். வாங்கிக்கினா பாடிக்கு வராது. இங்க பாருங்க, இன்ஜின் மேல ஒரு கை, பாடி மேல ஒரு கை வெச்சிகினு கீறேன். ரெண்டுத்துலயும் ஒரே ஆட்டம். ரெண்டும் ஒட்டிக்கினு ஒரே இரும்பா நிக்குது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இறுக்கினால் ஆட்டம் போகும் என்று நான் அடித்த கட்டைதான், இன்ஜினின் அதிர்வு முழுவதையும் வண்டிக்குள் கொண்டுவந்து விட்டிருந்தது. தறி பூமியில் ஊன்றி நிற்கிறது, அதைச் சுவரோடு சேர்த்து இறுக்கலாம். இன்ஜினை அப்படி இறுக்கினால், அதிர்வு போக வேறு இடம் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறவர் முதுகுக்குத்தான் வரும்.

அந்த நேரம் பானெட்டுக்கு அந்தப் பக்கம் பாயின் குரல் மாறியது. "நயினாரே, மறைக்காம சொல்லுங்க. இந்த வண்டி எங்கியாவது அடி பட்டுதா? முன்னாடி இடிச்சி, பாடி வளைஞ்சி, இன்ஜின் போய் ஒட்டிக்கினா இப்டித்தான் நிக்கும்."

"பதினோரு வருசம் ஓட்டினேன் பாய். ஒரு கோழி மேல கூட ஏத்தல."

"நீங்க ஏத்தல. உங்களுக்குத் தெரியாம யாரான எடுத்துகினு போயி..."

"என் வண்டிய நான் யாருக்கும் குடுத்தது இல்ல."

மாமா பானெட்டைச் சுற்றிப் பக்கவாட்டில் வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தார். தன் வண்டியைத் தானே சந்தேகப்படுகிறவர் மாதிரி இருந்தது அவர் முகம். நான் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினேன்.

"பாய், ஏர் ஃபில்ட்டர் பொட்டிக்குக் கீழ பாருங்க. அங்க கட்டை கீது."

"கட்டையா? இன்னா கட்டை?"

"புளியங்கட்டை. டயர் சுத்தி கறுப்பா இருக்கும். நான்தான் அடிச்சேன்."

பாய் நெற்றியில் கண்ணாடியைத் தேடி இறக்கிக்கொண்டு குனிந்தார். நீளமான இரும்பு ஒன்றைக் கொடுத்து நெம்பினார். முதல் கட்டை வெளியே வந்து விழுந்தது. டயர் ஒரு பக்கம் தீய்ந்து, ரப்பர் நாற்றம் அடித்தது. இரண்டாவது வர மறுத்தது. நான் அவ்வளவு அழுத்தமாக அடித்திருந்தேன். சுத்தியால் பின்பக்கம் தட்டி எடுத்தார். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா வேலை அண்ணே நீங்க?"

"பட்டு நெசவு."

"அதானே பாத்தேன். நெசவுக்காரர் கிட்ட காரைக் குடுத்தா தறி ஆக்கி வெச்சிட்டாரு." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக் கேட்டார்: "காலையிலயே கேட்டேன் இல்ல, யாரான கை வெச்சாங்களான்னு?"

மாமா அப்போதுதான் பேசினார். அவர் சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை.

"மவுன்ட்டு மாத்துங்கன்னு சொன்னேன் இல்லீங்க?"

"சொன்னீங்க நயினாரே."

"காலையில, தெரிஞ்சே உங்க தலையில கட்டிட்டேனான்னு கேட்டீங்க."

"கேட்டேன்."

"சரி" என்றார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மாலை 3.50. கட்டை போனதும் பாய் ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார். இன்ஜின் ஒரு தூக்குத் தூக்கி உட்கார்ந்தது, பழைய டக் சத்தம் திரும்பி வந்தது. மவுன்ட்டின் ரப்பர் நடுவில் கிழிந்து தொங்கியது. அதை மாற்றாமல் வண்டியை எடுக்கக் கூடாது என்றார். புது மவுன்ட் கண்ணமங்கலத்தில் கிடையாது. வேலூரில் ஒரு கடைக்குப் போன் போட்டார். "ஜல்தியா பஸ்ல ஏத்தி வுடு, கண்டக்டர் கிட்ட குடுத்துடு." விலை 1,650.

பார்சல் வரும் பஸ் எது என்று பார்த்து வாங்க ஒருவர் ரோட்டில் நிற்க வேண்டும். இங்கே பாய் கிழிந்த மவுன்ட்டைக் கழற்ற, கீழே ஜாக்கி வைத்து இன்ஜினைத் தாங்கிப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். "நான் போய் நிக்கறேன்" என்று மாமா கிளம்பினார். அவரை அப்படியே ஆரணி பஸ் ஏறி, பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. சொன்னேன். "நாளைக்கு வண்டி ஓட்டப் போறது நான்தானே, சரியாச்சான்னு பாத்துட்டுப் போறேன்" என்றார்.

நாலரை பஸ்ஸில் பார்சல் வரவில்லை. ஐந்தே கால் பஸ்ஸிலும் இல்லை. பாய் மறுபடி போன் போட்டார். ஏற்றியாகிவிட்டது, வழியில் நெரிசல் என்றார்கள். ஐந்தரைக்கு நான் கையைக் கழுவிக்கொண்டு ஓடிப்போய் ஆறு வாழைப்பழம் வாங்கி ஷெட்டில் வைத்தேன். அதை உடனே எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போயிருக்க வேண்டும். அதற்குள் பாய், "அண்ணே, புடி, புடி, ஜாக்கி நழுவுது" என்றார். பிடித்தேன். பிடித்த கையை எடுக்க முடியவில்லை.

ஆறு இருபதுக்கு மாமா வந்தார், கையில் அட்டைப் பெட்டி. பழத்தை எடுத்து நீட்டினேன். அவர் மேற்குப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தகரக் கூரைகளுக்கு மேலே வெளிச்சம் இருந்தது, சூரியன் இல்லை.

"ஆயிடுச்சிங்க. வெச்சிடுங்க" என்றார்.

அரை டப்பா எலுமிச்சை சாதம்தான் அன்றைக்கு அவர் மதியத்துக்கு மேல் சாப்பிட்டது. மறுநாள் சூரியன் வரும்வரை அவ்வளவுதான். மற்ற அரை டப்பா என் வயிற்றில் இருந்தது.

மாலை 7.10. புது மவுன்ட் ஏறியது. பாய் என் வலது கையை இழுத்து இன்ஜின் மேல் வைத்தார், இடது கையை வண்டியின் பக்கத் தகட்டின் மேல் வைத்தார். ஸ்டார்ட். வலது கையில் இன்ஜின் குதித்தது. இடது கையில் தகடு சும்மா இருந்தது. "இப்போ படுத்துப் பாருங்க" என்றார். படுத்தேன். ஏசி போட்டார். மெத்தையில் ஒரு சின்ன முனகல் போல இருந்தது, முதுகுக்கு வரவில்லை. மாமாவையும் படுக்கச் சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார். பசியில் தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். "இது என் வண்டி மாதிரி இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

எட்டு மணிக்கு ஆரணி. நயினார் வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது, "என்னை மன்னிச்சிடுங்க நயினாரே" என்றேன். "காலையில சாப்ட்டுட்டு ஒம்போது மணிக்கு ரெடியா இருப்பேன்" என்றார். எனக்கு அதுவே பெரிசு.

வியாழக்கிழமை காலை 9.20க்குக் கிளம்பி 10.40க்கு வேலூர். பெட்ரோல் 500 ரூபாய்க்கு. கண்ணமங்கலத்தில் நிறுத்தவில்லை, ஹாரன் மட்டும் அடித்தோம். ஆஸ்பத்திரியில் காகிதம் எல்லாம் முடிய ஒன்றரை ஆனது. இரண்டு நர்ஸம்மாக்கள் அம்மாவைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து, பலகைக்கு மாற்றினார்கள். ஒரு நர்ஸம்மா உள்ளே எட்டிப் பார்த்து, "இது நல்ல ஏற்பாடா இருக்கே, யார் செஞ்சது?" என்றார். "எங்க வீட்டுக்காரர். கையில எது கெடைச்சாலும் செஞ்சிடுவாரு" என்றாள் அம்மா. நான் மெத்தையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

மதியம் 1.50க்குப் புறப்பாடு. மாமா ஓட்டினார். நான் பின்னால், அம்மாவின் தலைப்பக்கம் மிச்சமிருந்த சீட்டில். இந்த வழியில் இவ்வளவு நாளும் நான் பஸ்ஸில் போயிருக்கிறேன். அப்போதெல்லாம் கண்ணில் பட்டது கடைகளும் மலைகளும். இந்தத் தடவை நான் பார்த்தது ரோட்டை மட்டும்தான். எந்த இடத்தில் தார் பெயர்ந்திருக்கிறது, எங்கே வேகத்தடைக்கு வெள்ளைக் கோடு இல்லை, எல்லாம் எனக்கு இப்போது மனப்பாடம். மாமா முப்பதுக்கு மேல் போகவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தே ஓய்ந்தார்.

பதினைந்தாவது கிலோமீட்டரில் ரோடு வேலை. ஒரு பக்கம் மட்டும் விட்டார்கள், நாங்கள் எட்டு நிமிஷம் நின்றோம். வெயில், அதனால் ஏசியை நிறுத்தவில்லை. நான் அம்மாவின் முகத்தையே பார்த்தேன். புருவம் சுருங்கினால் வலி என்று அர்த்தம், அது எனக்குத் தெரியும். அவள் கண்ணைத் திறந்தாள்.

"ஏங்க வண்டிய ஆஃப் பண்ணிட்டீங்க? காத்து நின்னுடப் போவுது."

"ஆஃப் பண்ணலம்மா. ஓடிகினுதான் இருக்குது."

அவள் பலகையின் ஓரத்தைக் கையால் தொட்டுப் பார்த்தாள். "அட" என்றாள். பிறகு முன்னால் பார்த்து, "அண்ணே, நல்ல வண்டிதான் குடுத்துகீறீங்க. இவருதான் ஒரு வாரமா உங்களச் சந்தேகப்பட்டுகினு இருந்தாரு" என்றாள்.

மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஊர் வரைக்கும் போய், அதற்கு அப்புறமும், வாயைத் திறக்காமல் இருப்பார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நானே சொன்னேன். கட்டை, டயர், பாயிடம் சொன்ன பொய், மாமா பட்டினி கிடந்தது, எல்லாம். ரோடு வேலைக்காரர் பச்சைக் கொடி காட்டினார், வண்டி நகர்ந்தது. நான் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அம்மாவுக்கு முதலில் கோபம் வந்தது. "அண்ணனைப் பட்டினி போட்டீங்களா?" என்றாள். அப்புறம் புளியங்கட்டைக்கு டயர் சுற்றியதை மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னதும் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ, சிரிக்க வெக்காதீங்க, தையல் இழுக்குது" என்று வாயைக் கையால் மூடிக்கொண்டாள். முன்னால் மாமாவின் தோள் குலுங்கியது. அந்த இரண்டு நாளில் அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

மாலை 3.25, ஆரணி. மீட்டரில் 1,12,522. வேலூரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு மணி முப்பத்தைந்து நிமிஷம். பஸ்ஸைவிட மெதுவாக வந்திருக்கிறோம். நம் தெருவில் எல்லா வீட்டிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. வேலூரில் ஆறு நாள் அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கமே பிடிக்கவில்லை என்றாள் அம்மா. தூக்கிக்கொண்டு போக மாமாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் தயாராக நின்றோம். அவள் வேண்டாம் என்றாள். என் தோளை மட்டும் பிடித்துக்கொண்டு வாசலிலிருந்து கட்டில் வரை நடந்தாள். பதினாறு அடி. நான் எண்ணினேன். கட்டிலில் சாய்ந்ததும் வலி எப்படி என்று கேட்டேன். "காலையில இருந்ததுதான். கூடல" என்றாள்.

கொஞ்சம் பொறுத்து, "பசங்களுக்கு எழுதப் போறேன்னு சொன்னீங்களே" என்றாள். "வழியில எத்தனை மணிக்கு எங்க இருந்தோம்னு மட்டும் எழுதிட்டு, நடுவுல உள்ளத வுட்டுடாதீங்க."

விட்டுவிடத்தான் நினைத்திருந்தேன். யாரான கை வெச்சாங்களா என்று பாய் கேட்ட கேள்வி வரை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். அங்கே வந்ததும் பேனாவை மூடிவிட்டேன். அம்மா தூங்கி எழும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்ததும், "எழுதினீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "எழுதுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள், தானாகவே, யாரும் பிடிக்காமல்.